ஸ்டெல்லாவின் ஆறு கேள்விகள்

செவ்வாய்க்கிழமை காலை ஜனக்புரி மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது எங்கள் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து செய்தி வந்தது: "ஸ்டெல்லா தீதி நஹீ ரஹீ." அவள் இறந்ததை இந்தியில் படித்ததாலோ என்னவோ, எனக்கு அழுகை வர இரண்டு ஸ்டேஷன் ஆயிற்று.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்த ஆறு கேள்வித் தாள் நினைவிருக்கும். அவசரப் பிரிவுக்கோ வார்டுக்கோ வருகிறவர் தடுமாறுகிறாரா, எரிந்து விழுகிறாரா, மிரட்டுகிறாரா என்றெல்லாம் பார்த்து எழுத வேண்டும். நர்சுகள் அடிவாங்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நாமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' போடுவோம். ஸ்டெல்லா மட்டும் பிரஷர் பார்த்தபடியே, "பையா, இது எந்த இடம்?" என்று அண்ணன் முறை வைத்து இந்தியில் பேச்சுக் கொடுப்பாள்.

ஒருமுறை துவாரகாவில் கட்டட வேலை செய்யும் விழுப்புரத்துக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். என்னைத் "தங்கச்சி" என்றார். அவ்வளவுதான், உருகிவிட்டேன். எதுவும் கேட்காமல் ஆறுக்கும் 'இல்லை' எழுதினேன். குடியைத் திடீரென்று நிறுத்தி, புத்தி தடுமாறும் மூன்றாம் நாளில் இருந்தவர் என்று எனக்குத் தெரியாது. மதியம் ஸ்டெல்லா மருந்து ஏற்றப் போனபோது, டிரிப் குழாயைப் பாம்பென்று நினைத்து ஸ்டாண்டைப் பிடுங்கிச் சுழற்றினார். அவளுடைய மணிக்கட்டு முறிந்தது.

மேட்ரன் விசாரித்தார். "இவதான் தாள் எழுதினா. பாக்காம எழுதிட்டா" என்று என்னை வைத்துக்கொண்டே சொன்னாள் ஸ்டெல்லா. என் கோபம் அநியாயம் என்று தெரிந்தும் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவளே கட்டுப்போட்ட கையோடு கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கை கெடக்கட்டும்ட்டி. தெளிஞ்சதும் அந்த மனுசன் இந்தக் கட்டப் பாத்து அழுதாரே, அதத்தான் தாங்க முடியல. நீ கேட்டிருந்தா அவருக்கு அந்தக் கேவலம் உண்டா?"

இந்தக் கோடையில் மூளைக் கட்டியோடு அவள் எங்கள் வார்டுக்கே வந்து படுத்தாள். ஸ்டெல்லாவிடம் போய் என்ன கேட்பது என்று நான் 'இல்லை' எழுத ஆரம்பித்தேன்.

"என்னட்டி எழுதுத? என்னையக் கேட்டியா?"

கேட்டேன். இது எந்த இடம்?

"பாளையங்கோட்டை. நம்ம நர்சிங் ஹாஸ்டல்" என்று சிரித்தாள். அவள் படித்த அந்த ஹாஸ்டலை நான் பார்த்ததுகூட இல்லை.

'தடுமாற்றம் உண்டு' என்று எழுதும்போது அழுதுவிட்டேன். கைக்கு எட்டும் சாமான்களை எல்லாம் அப்புறப்படுத்தி, டாக்டரைக் கூப்பிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சாயங்காலம் யாரென்றே தெரியாமல் எங்கள்மேல் கத்தினாள், கைகளை வீசினாள். நாங்கள் தயாராக இருந்தோம்.

நமக்கு வேண்டியவர்களிடமும் கேட்டுவிட்டு எழுதுவது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதனால்தான் ஸ்டெல்லா யாரையும் அடிக்காமல் போய்ச் சேர்ந்தாள்.