ஆகட்டும் அக்காவும் ஏழு கிளிப்பும்

என் அக்காவுக்கு ‘முடியாது’ என்ற வார்த்தை வாயில் வராது. கேட்டவருக்கெல்லாம் ‘ஆகட்டும்’தான். மாலை ஆறு மணிக்குக் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டு விடிந்ததும் வேண்டும் என்பவருக்கும் ஆகட்டும். துணியை மூன்று மாதம் இங்கேயே வைத்திருங்கள், வீட்டில் அலமாரி இல்லை என்பவருக்கும் ஆகட்டும். சும்மா சொல்லிவிட்டு மறந்துபோகிறவளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. சொன்னதைச் செய்தும் தொலைப்பாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. ஆகட்டும் அக்கா என்று கேட்டால் எங்கள் சலவைக்கடைக்கு வழி காட்டுவார்கள்.

கடையில் துவைப்பது அக்கா, இஸ்திரி போடுவது அத்தான், காலரில் சீட்டுக் குத்தி வாடிக்கையாளர்களை அதட்டுவது நான். அத்தான் அதிகம் பேசமாட்டார். நாங்கள் இருவரும் பேசுவதே போதும் என்று கல்யாணமான புதிதிலேயே முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

எங்கள் கடை சரிவின் அடியில் இருக்கிறது. நகரசபையின் ஏழு உறுப்பினர்களும் சரிவின் உச்சியில், இரண்டே இரண்டு தெருக்களில் குடியிருந்தார்கள். மழை பெய்தால் அங்கே கால் மணி நேரத்தில் தரை காய்ந்துவிடும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், நேராக எங்கள் கடைக்குள்தான் வருகிறது. துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாருக்குள் இரண்டு தடவை தண்ணீர் போய்விட்டது. இரண்டாம் தடவை மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இன்னொரு தடவை நனைஞ்சா என்னைக் கூப்பிடாதீங்க. பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுங்க.” இயந்திரம் போனால் கடை போகும், கடை போனால் எங்கள் மூன்று பேருக்கும் வேறு பிழைப்பு கிடையாது. தெருவோரம் ஒரு வடிகால் வெட்டிக் கொடுங்கள் என்று பதினோரு மனு கொடுத்தோம். உறுப்பினர்கள் நேரில் பார்வையிடுவார்கள் என்று பதினோரு பதில் வந்தது. ஒரு செருப்புகூட எங்கள் தெருவில் இறங்கவில்லை.

ஏழு பேரும் எப்படி அந்த இரண்டு தெருக்களிலேயே முளைக்கிறார்கள் என்று கேட்டால், அப்போதிருந்த தேர்தல் முறை அப்படி. வார்டு கிடையாது, ஊர் முழுவதும் ஒரே தொகுதி. ஆளுக்கு ஏழு ஓட்டு. ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் போடக் கூடாது. மேல்பகுதிக்காரர்கள் பத்துக்கு எட்டுப் பேர், நாங்கள் பத்துக்கு இரண்டு பேர். அவர்கள் தங்கள் ஆட்கள் ஏழு பேருக்கும் தலைக்கு ஒன்று போட்டால் கதை முடிந்தது. பத்துக்கு இரண்டு பேர் இருந்தால் ஏழில் ஒரு நாற்காலியாவது வர வேண்டாமா? நாற்பது வருடமாக ஒரு முக்காலிகூட வரவில்லை.

எங்கள் பேக்கரிக்காரர்தான் கடைசியில் பொறுக்க மாட்டாமல் வழக்குப் போட்டார். அவர் மாவு பிசைகிற மாதிரியே வழக்கையும் ஆறு வருடம் பிசைந்தார். முறையை மாற்றுங்கள் என்று நீதிபதி சொல்லிவிட்டார். வார்டு பிரிக்கலாம் என்றார்கள். கோடு எந்தத் தெரு வழியாகப் போவது என்று ஒரு வருடம் அடித்துக்கொண்டார்கள். பிறகு கோடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வேறு முறை கொண்டுவந்தார்கள். அதே ஏழு ஓட்டுதான். ஆனால் விருப்பம்போலப் பிரித்தும் போடலாம், ஏழையும் ஒருவருக்கே குவித்தும் போடலாம். சிறு கூட்டமும் ஒரே ஆளின் மேல் குவித்தால் ஒருவரை உள்ளே அனுப்பிவிடலாம்.

அனுப்ப ஆள் வேண்டுமே! பேக்கரியில் கூட்டம் போட்டார்கள். எங்கள் பகுதியில் மூன்று மதம், நான்கு மொழி, அவற்றில் இரண்டு எனக்குச் சுத்தமாகப் புரியாது. யாரைச் சொன்னாலும் இன்னொருவர் முகம் சுளித்தார். அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த சட்டையின் அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் அவளைப் பார்த்துக் கேட்டார்: “எல்லார் துணியும் உங்ககிட்டதான் வருது. நீங்களே நின்னா என்ன?”

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஆகட்டும்” என்றாள்.

கைதட்டல் கேட்டதும்தான் ஊசியை நிறுத்தினாள். என் காதில் கிசுகிசுத்தாள்: “ஏண்டி, எதுக்கு ஆகட்டும்னு சொன்னேன்?”

ஓட்டுப் போடச் சொல்லிக்கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான்கு மொழியில் விளக்க என்னால் ஆகாது. அதனால் கடையின் பின்கட்டில், துணி காயப்போடும் கொடியில் வகுப்பு வைத்தேன். ஏழு உறுப்பினர்களும் மறுபடி நின்றார்கள். ஏழு பேரின் சட்டைகளும் எங்களிடம்தான் வெளுக்க வந்திருந்தன. அவற்றை வரிசையாகத் தொங்கவிட்டு, எட்டாவதாக அக்காவின் ஏப்ரனைத் தொங்கவிட்டேன். வந்தவர் கையில் ஆளுக்கு ஏழு கிளிப் கொடுத்தேன். ஒரு கிளிப் ஒரு ஓட்டு. மாட்டுங்கள் என்றேன்.

முதல் நாள் மாட்டிய லட்சணத்தைச் சொன்னால் வயிறு எரியும். முக்கால்வாசிப் பேர் ஏப்ரனுக்கு ஒன்று, ஆறு சட்டைகளுக்கு ஒவ்வொன்று என்று பந்தி பரிமாறுவதுபோல மாட்டிவிட்டுப் போனார்கள். தையற்காரரைப் பிடித்து நிறுத்தினேன்.

“என்னங்க இது?”

“ஒருத்தருக்கு வச்சு ஒருத்தருக்கு விட்டா நல்லாவா இருக்கும்?”

“அவங்க உங்களுக்கு என்ன செஞ்சாங்க?”

“செய்யலதான். அதுக்காக நாமளும் மரியாதை இல்லாம நடந்துக்கலாமா?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நாற்பது வருடம் எங்களைத் தோற்கடித்தது மேல்பகுதி மட்டுமல்ல, எங்கள் மரியாதையும்தான் என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. ஒரு ஈரப் போர்வையை எடுத்து ஒரே கிளிப்பில் தொங்கவிட்டேன். காற்று வந்தது, போர்வை மண்ணில் விழுந்தது. அதையே மறுபடி அலசி ஏழு கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். காற்று முட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. மூன்று வாரத்தில் ஏப்ரன் கிளிப் பாரத்தில் நாடா அறுந்து விழுந்தது. சட்டைகளின் தோளில் ஒரு கிளிப்கூட இல்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இதற்குள் மேலே இருப்பவர்களுக்கும் சேதி எட்டிவிட்டது. முதன்முதலாக அவர்களுக்குப் பயம் பிடித்தது. எங்கள் தெருவில் கால் வைக்காத உறுப்பினர்கள் ஒவ்வொருவராக, தாங்களே துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். சில்லறை தேடுவதுபோல நின்று, மெதுவாக ஆரம்பிப்பார்கள்: “உங்களுக்குத்தான் ஏழு ஓட்டு இருக்கே. அதுல ஒண்ணே ஒண்ணு எனக்குப் போடக் கூடாதா?” எதிர்த்து நிற்கிறவளிடமே ஓட்டுக் கேட்கிறார்களே, இவர்களுக்கு வெட்கமே இல்லையா என்று நான் பொருமினேன். அக்கா சட்டையை மடித்துக் கொடுத்து, “ஆகட்டுங்க” என்றாள். ஆறு பேருக்கும் அதே பதில். வியாபார மரியாதைக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

வராத ஏழாவது ஆளுக்கு நான் வைத்த பெயர் கஞ்சிச்சட்டை. அவர் சட்டையைத் தரையில் வைத்தால் நிற்கும், அவ்வளவு கஞ்சி. இருபது வருடமாக டிரைவர்தான் துணி கொண்டுவருவார். கூடவே ஒரு துண்டுச்சீட்டு வரும்: ‘கஞ்சி போதவில்லை.’ தேர்தல் சமயத்திலும் அந்தச் சீட்டுதான் வந்தது.

ஓட்டு எண்ணிக்கை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. ஆறு நாற்காலி மதியத்துக்குள் நிரம்பிவிட்டது, ஆறும் பழைய ஆட்கள். கொடியில் குவித்துக் காட்டியவர்களில் பாதிப் பேர் ஓட்டுச்சாவடிக்குள் போனதும் மறுபடி மரியாதை பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஏழாவதற்கு அக்காவும் கஞ்சிச்சட்டையும் மாறி மாறி ஏறி இறங்கினார்கள். எனக்கு நகம் தீர்ந்துபோய் அத்தானின் நகத்தைக் கடிக்காததுதான் பாக்கி. அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அக்கா நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. கஞ்சிச்சட்டை நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. இரண்டு தடவை திரும்ப எண்ணினார்கள். அந்த ஒன்று அசையவில்லை. பேக்கரிக்காரர் குழந்தைபோல அழுதார். அத்தான் வாயைத் திறந்து, “நல்லது” என்றார். அது அவருக்கு ஒரு பிரசங்கம்.

மறுநாள் காலை துணி பிரிக்கும்போதும் எனக்கு அதே பேச்சுதான்.

“அக்கா, ஒரே ஒரு ஓட்டு! நீ உனக்குப் போட்ட ஏழுல ஒண்ணு குறைஞ்சிருந்தாகூட அவ்வளவுதான்.”

“ஏழு இல்லடி. ஒண்ணு.”

“எது ஒண்ணு?”

“எனக்கு ஒண்ணுதான் போட்டேன். மிச்சம் ஆறையும் அந்த ஆறு பேருக்குப் போட்டுட்டேன். கேட்டாங்கல்ல? ஆகட்டும்னு சொல்லிட்டேனே.”

என் கையில் இருந்த சோப்புத்தூள் டப்பா கீழே விழுந்தது. ஊருக்கெல்லாம் கிளிப் மாட்டக் கற்றுக்கொடுத்தேன். பக்கத்திலேயே நின்று துவைக்கிறவளுக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டேன். உண்மையில் எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். நூலிழையில் அல்லவா தப்பித்திருக்கிறோம்!

நகரசபையின் முதல் கூட்டத்தில் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வடிகால் தீர்மானத்தை அக்கா கொண்டுவந்தாள். ஏழில் நான்கு கை தூக்க வேண்டும், எங்களிடம் இருந்தது ஒரு கை. பேசு என்றார்கள். நான் எழுதிக்கொடுத்த இரண்டு பக்கப் பேச்சை அவள் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“நீங்க ஆறு பேரும் என் கடைக்கு வந்து ஓட்டுக் கேட்டீங்க. ஆளுக்கு ஒண்ணு போட்டுட்டேன். இப்ப நான் கேக்கறேன். எனக்கு ஆளுக்கு ஒண்ணு போடுங்க. உங்க துணிதான் நனையுது.”

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிரிக்கு ஓட்டுப் போட்டேன் என்று யாராவது சபையில் நின்று பொய் சொல்வார்களா? அக்காவின் முகத்தைப் பார்த்தால் சந்தேகப்படவும் தோன்றாது. அவள் கையோடு இன்னும் இரண்டு கை எழுந்தது. நான்காவது ஆள் காதைச் சொறியத்தான் கையை எடுத்தார் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். சபைத் தலைவர் அதையும் எண்ணிவிட்டார். எண்ணியபின் கையை இறக்க அந்த ஆளுக்கும் கூச்சம். தீர்மானம் நிறைவேறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் தெருவை வெட்டினார்கள். கடை வாசலில் ஆழமாக ஒரு பள்ளம், அதன் மேல் ஒரு பலகை. கார் எதுவும் உள்ளே வர வழியில்லை. ஒருநாள் பிற்பகல் அந்தப் பலகையின் மேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒருவர் தள்ளாடித் தள்ளாடி வந்தார். சட்டையைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிந்துகொண்டேன். பதவி போனதும் டிரைவரும் போய்விட்டார் போலும்.

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டாள். கஞ்சிச்சட்டை உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மனிதரைக் கிட்டத்தில் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது.

“ஒரு ஓட்டும்மா” என்றார். “இருபது வருஷம் இருந்தேன், ஒரே ஓட்டுல போச்சு. எந்தப் படுபாவி போடாம விட்டான்னு நினைச்சு நினைச்சுத் தூக்கமே வரல.”

“நான்தாங்க” என்றாள் அக்கா.

நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

“உங்ககூட இருந்த ஆறு பேருக்கும் போட்டேங்க. உங்களுக்குத்தான் போடல.”

“ஏம்மா? நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. நீங்க கேக்கலையே.”

“கேட்டிருந்தா?”

“எனக்குன்னு மிச்சம் ஒண்ணு வச்சிருந்தேன், அதை உங்களுக்குப் போட்டிருப்பேன்.”

எனக்குக் கணக்கு உடனே ஓடிவிட்டது. அவளுக்கு ஒன்று குறைகிறது, அவருக்கு ஒன்று கூடுகிறது. இவர் ஒரே ஒரு நாள் இந்தச் சரிவில் இறங்கிவந்து வாய்விட்டுக் கேட்டிருந்தால் இன்றைக்கும் சபையில் இருந்திருப்பார், நாங்கள் முழங்கால் தண்ணீரில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நின்றிருப்போம். அவருக்கும் கணக்கு ஓடி முடிந்தது முகத்தில் தெரிந்தது. பிறகு சட்டைகளை வாங்கி, கஞ்சியைத் தடவிப் பார்த்தார். குறை எதுவும் சொல்லவில்லை. பலகையில் ஒரு காலை வைத்தவர் நின்று திரும்பினார்.

“ஏம்மா, அடுத்த தேர்தல்ல எனக்கு ஒரு ஓட்டு...”

நான் மேசையைத் தாண்டிக் குதித்து அக்காவின் வாயைப் பொத்தினேன். அதற்குள் ‘ஆக’ வரைக்கும் வந்துவிட்டிருந்தது.