எகிப்தியரின் மீன் குடுவை

இரண்டாயிரங்களின் நடுவில், கெய்ரோவில் பணியாற்றிய என் மருமகன் பண்டைய எகிப்திய மட்கலம் ஒன்றின் நகலைக் கும்மிடிப்பூண்டி வீட்டிற்குக் கொண்டுவந்தார். மீன் வடிவக் குடுவை. மீனின் வாயே குடுவைக்கும் வாய். மறுபிறப்பின் அடையாளமாக எகிப்தியர் அம்மீனைப் போற்றினர் என்று பார்க்க வந்தோருக்கெல்லாம் விளக்கினேன்.

பழவேற்காட்டிலிருந்து வந்து குடியேறிய, அடுத்த வீட்டு ஜவுளி வியாபாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், நம்ம ஜிலேபி மீனு! இத்தப் போயா கும்புட்டாங்க?"

எல்லோரும் சிரித்தனர். வரலாற்றுப் பேராசிரியராக ஓய்வுபெற்ற என் சொல்லைக் கேட்டு அத்தெருவில் எவரும் அதுவரை சிரித்ததில்லை.

"தாய்மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும், பாய். அவை வெளிவருவதையே எகிப்தியர் மறுபிறப்பாகக் கண்டனர்" என்றேன்.

"சின்ன வயசுலேர்ந்து துன்னுகினு இருக்கேன், நான் பாத்ததில்லயே! உசுரோட கொணாரேன், காட்டுங்க."

மறுநாள் ஏரியில் வலை போட்டவர்களிடம் சொல்லி, தாடை உப்பிய மீனொன்றை வாளியில் கொண்டுவந்தார். கண்ணாடித் தொட்டியில் விட்டுக் காத்திருந்தோம். மீன் அசையவில்லை. வெகுநேரம் கழித்து அதன் வாயிலிருந்து சிறு குஞ்சுகள் புகைபோல் வெளிவந்தன. பாய் கையை நீட்டியதும் அத்தனையும் வாய்க்குள் திரும்பி ஓடின.

"யா அல்லா! இனிமே இத்த எப்டி சார் துன்றது?"

"எகிப்தியரும் உண்டார்கள், பாய்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. ஆயினும் அம்மீனை ஏரியில் விட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினார்.