மலைக்கு அந்தப் பக்கமும் ஒரு ரோடு

ஈரச் சுண்ணாம்பின் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு முதலில் உடம்பு குளிர்கிறது. அப்புறம்தான் அது சுண்ணாம்பு என்று மூக்குக்குத் தெரிகிறது. ஏழு வயதில், கோலாலம்பூருக்கு வடக்கே கோலகுபு பாரு என்ற ஊரில் ஒரு பகல் முழுக்க நின்றதால் வந்த வினை இது. ஆற்று மண் வந்து மூடிய பழைய ஊரைக் கைவிட்டு, சற்று மேட்டில் புதிதாகக் கட்டிய ஊர் அது. கடைகளுக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள். மலைச்சாரலில் அது காயவே இல்லை. கடைகளின் முன்னால் ஓடிய நடைபாதையை நாங்கள் ‘அஞ்சடி’ என்போம். அந்த அஞ்சடித் தூணில் சாய்ந்தால் முதுகெல்லாம் வெள்ளையாகிவிடும் என்று அம்மா என்னை அதட்டிக்கொண்டே இருந்ததும், அதட்டும்போதும் அவளுடைய கண் என் மேல் இல்லாமல் ரோட்டின் மேலேயே இருந்ததும் நினைவிருக்கிறது.

அந்த ஊருக்கென்று யாரும் அந்த ஊருக்கு வருவதில்லை. பிரேசர் மலைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் ரயிலை விட்டு இறங்கி, அங்கே தேநீர் குடித்து, கால் நீட்டி, மலை ஏற நேரம் பார்த்துக் காத்திருப்பார்கள். மலையின் கடைசிப் பகுதியில் பாதை ஒரு வண்டி போகிற அகலம்தான். அதனால் நடுவழியில் ஒரு கேட்டு போட்டு, கொஞ்ச நேரம் ஏறும் வண்டிகளை மட்டும் விடுவார்கள், கொஞ்ச நேரம் இறங்கும் வண்டிகளை மட்டும் விடுவார்கள். அந்த நேரங்களை எழுதிய பலகை ஊரின் பயணியர் விடுதியான ‘ரெஸ்டவுசு’ தாழ்வாரத்தில் தொங்கியது. வந்தவர்களுக்கு வழி சொல்வது, அறை கொடுப்பது, வண்டி பிடித்துக் கொடுப்பது எல்லாம் அந்த ரெஸ்டவுசில்தான் நடந்தது. ஊரின் மூளையே அதுதான் என்று சொல்லலாம்.

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்த எங்களுக்கு அங்கே என்ன வேலை? சித்திதான் வேலை. அம்மாவின் ஒரே தங்கை பூவாயி சித்தி, கல்யாணமான மறுவருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். இரண்டே அறை உள்ள வீட்டில் அக்காள் புருஷனுக்கு எதிரே நடமாடக் கூசிக் கூசி, ஒரு நாள் பிரேசர் மலை பங்களா ஒன்றில் துரை வீட்டுப் பிள்ளைக்கு ஆயாவாகப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். அம்மாவுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. “எங்க சோறு உனக்குக் கசக்குதா? போறவ அப்படியே போயிடு, இந்த வாசலை மிதிக்காத” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சித்தி என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அம்மா அன்று ராத்திரியே அழுதாள். ஆனால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமலே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அப்படியிருக்கையில் மலைக்கும் கோலாலம்பூருக்கும் காய்கறி ஏற்றுகிற லோரிக்காரர் ஒருவர் வழியாகச் செய்தி வந்தது. துரை குடும்பம் மொத்தமாகச் சீமைக்குப் போகிறது, சனிக்கிழமை மலையை விட்டு இறங்குகிறார்கள், பிள்ளை ஆயாவை விட்டு இருக்காதாம், சித்தியையும் கப்பலில் கூட்டிப் போகிறார்கள். அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சித்தியை ஒரு தடவை பார்க்க வேண்டும். “போகாதடி, வீட்டுக்கு வா” என்று சொல்ல வேண்டும்.

“வீட்டுலயே இருப்போங்க. கப்பலுக்குப் போறவ நம்ம ஊர் வழியாத்தானே போவணும்? எட்டிப் பாக்காமப் போயிடுவாளா?” என்றுதான் அம்மா முதலில் சொன்னாள்.

அப்பா சிரித்தார். “அடி போடி, உனக்காகத் தொரை காரை பிரிக்பீல்ட்ஸ்ல நிறுத்துவானா? நாமதான் போய்ப் புடிக்கணும்.”

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். தண்டவாளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிவிடுகிற வேலை. நாட்டில் எந்த ஊருக்குப் போக வேண்டுமென்றாலும் குவாட்டர்ஸில் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். அவரும் எந்த ஸ்டேஷனில் இறங்கி, எந்த ரயிலுக்கு மாறி, எங்கே தேநீர் குடிக்கலாம் என்பதுவரை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிரும் ரயில் வராமலிருக்க டிரைவர் கையில் ஒரு இரும்பு வளையம் கொடுப்பார்கள். அந்த வளையம் கையில் இல்லாமல் எந்த ரயிலும் நகராது. மலைக் கேட்டின் விஷயத்தைக் கேட்டதும் அப்பாவுக்கு ஒரே குஷி. “இது நம்ம சிங்கிள் லைன் மாதிரிதான். மேல போனா கடைசி ஸ்டேஷன். போனது எதுவா இருந்தாலும் அதே வழியாத்தான் இறங்கணும், கோலகுபு வந்துதான் ஆகணும். தப்பவே முடியாது” என்றார். அவர் அப்படிச் சொன்னபோது எங்களுக்கு எவ்வளவு தைரியமாக இருந்தது! உலகத்தில் உள்ள கிளைகளெல்லாம் எங்கேயோ ஒரு இடத்தில் முடிந்துபோகும் என்பது ரயில்வேக்காரர் நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை முழுக்க அம்மா அதிரசம் சுட்டாள். சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகத் துணி துவைத்துக் கொடியில் போட்டு, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் அக்காவிடம் “சாயங்காலம் தங்கச்சியோட வந்துர்றேன்க்கா” என்றாள். ரயிலில் ஜன்னலோரம் எனக்கு. அதிரசம் இருந்த பிஸ்கோத்து தகரம் அம்மாவின் மடியில். கோலகுபு ரோடு ஸ்டேஷனில் இறங்கிப் பஸ் ஏறி ஊருக்குள் போனபோது, தெருக்கோடியில் மலை நின்றது. பாதி மலைதான் தெரிந்தது, மீதி மேகத்துக்குள் இருந்தது.

ரெஸ்டவுசை நடத்தியவர் ஹைலாம் என்ற பிரிவைச் சேர்ந்த சீனர். வெள்ளைச் சட்டையும் தொளதொள கால்சட்டையுமாக, தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியபடியே இருந்தார். துரைமார் உள்ளே, எங்களைப் போன்றவர்கள் தாழ்வாரப் படிக்குக் கீழே, டிரைவர்களோடு. அப்பா மட்டும் மலாயில் பேசிச் சிரித்துத் தாழ்வாரத்தில் ஏறிவிட்டார்; நானும் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். நேரப் பலகைக்குப் பக்கத்தில் சுவரளவு ஒரு படம். பச்சையில் மலை, நீலத்தில் ஆறு, அடியில் ஊர், ஊரிலிருந்து புழு மாதிரி நெளிந்து நெளிந்து ஏறும் சிவப்புக் கோடு. அதுதான் ரோடு என்று அப்பா காட்டினார். கேட்டு இருக்கும் இடத்தில் ஒரு பொட்டு. பொட்டிலிருந்து கோடு இரண்டாகப் பிரிந்து, ஒன்று உச்சிக்குப் போனது. இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி, படத்தின் சட்டத்துக்குள் போய் மறைந்தது.

“இது எங்கப்பா போகுது?” என்று அந்தக் கோட்டைத் தொட்டுக் கேட்டேன்.

“அது பகாங் பக்கம் தாயி. நமக்கு வேண்டாத லைன்” என்றார் அப்பா. அவர் கண் நேரப் பலகையில் இருந்தது.

இறங்கும் நேரம் வந்து, முதல் கார் வளைவில் தெரிந்ததும் அம்மா எழுந்து சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதில் இரண்டு துரைகள் மட்டும். அடுத்ததில் நாய். அதற்கடுத்த காரில், பின் சீட்டில், வெள்ளைச் சேலையில் ஒரு ஆயா மடியில் பிள்ளையோடு! அம்மா “பூவாயி!” என்று கத்திக்கொண்டே ஓடினாள்; கார் நின்றது. உள்ளேயிருந்து யாரோ ஒரு மலையாளத்து அம்மாள் பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். அம்மா தகரத்தை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி நடுரோட்டில் நின்றாள்.

பிறகு ஏறும் நேரம். அப்பா சாப்பிடக் கூப்பிட்டார். அம்மா அசையவில்லை. “இப்ப எதும் இறங்காதுடி, கேட்டு அடைச்சிருக்கான்” என்று அப்பா சொல்லியும் கேட்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மறுபடி இறங்கும் நேரம் வந்தது. கார்கள் வந்தன, போயின. வெள்ளைச் சேலை ஒன்றும் இல்லை. அப்பா பலகையை மறுபடி மறுபடி படித்தார். அவரைப் பொறுத்தவரை கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கடைசியில் காய்கறி லோரி இறங்கியது. செய்தி கொண்டுவந்த அதே லோரிக்காரர். எங்களைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்தார்.

“என்னண்ணே, நீங்க இங்க நிக்கிறீங்க? அந்தத் தொரை காலையிலேயே போயிட்டானே! மலைக்கு அந்தாண்ட, ரவூப் பக்கமா இறங்கிட்டாங்க. அங்க சிநேகிதன் வீட்டுல சாப்பாடாம். அப்படியே பெந்தோங் வழியா கோலாலம்பூர் போயி, ராத்திரி கப்பலாம்.”

“அந்தப் பக்கமாவா? அந்தப் பக்கமா கோலாலம்பூருக்கு ரோடு இருக்கா?” என்று அப்பா கேட்டார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் வழி சொன்ன மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம். திரும்பும் ரயிலில் தகரத்தைத் திறக்காமலே மடியில் வைத்திருந்தாள்.

வீட்டு வாசலில் அந்தோணியம்மாள் அக்கா எங்களுக்காக விளக்கை வைத்துக்கொண்டு நின்றாள். “அடப் பாவிங்களா, இவ்வளவு நேரம் எங்கடி இருந்தீங்க? தங்கச்சி வந்துச்சு! காரைத் தெருமுனையில நிறுத்திட்டு ஓடி வந்துச்சு. பூட்டைப் பாத்ததும் படியிலேயே உக்காந்துடுச்சு. கார்க்காரன் ஹாரனை அடிச்சுக்கிட்டே இருந்தான். அக்கா என்னை மன்னிச்சிட்டாங்களான்னு கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்ல? உன்னைக் கூட்டியாரத்தான் போயிருக்காங்கன்னு சொன்னேன். கேட்டதும் அப்படி ஒரு அழுகை. அப்புறம் கொல்லைப் பக்கம் போயி, கொடியில கெடந்த உன் பழுப்புச் சேலைய எடுத்துக் கட்டிக்கிச்சு. நான் எடுத்துக்கிட்டேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்கன்னுட்டு, தன் சேலைய அங்க போட்டுட்டுப் போயிடுச்சு.”

அம்மா இருட்டில் கொல்லைக்கு ஓடினாள். கொடியில் நீலக்கரை போட்ட வெள்ளை ஆயாச் சேலை ஒன்று தொங்கியது. மற்ற துணிகளெல்லாம் காய்ந்திருந்தன, அதன் முந்தானை மட்டும் ஈரமாக இருந்தது. அம்மா அதை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மறுநாள் காலை முதல் ரயிலில் அப்பா போர்ட் சுவெட்டன்ஹமுக்குப் போனார். கப்பல் போய்விட்டது என்று தெரிந்தேதான் போனார். கிள்ளானைத் தாண்டிப் போய், வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பினார். சித்தியைப் பற்றி அப்புறம் ஒரு தகவலும் இல்லை. பின்னால் யுத்தம் வந்தது, உலகமே கலைந்தது, யாரிடம் போய் விசாரிப்பது? அப்பா வேலையை விடவில்லை, தண்டவாளத்தை மாற்றிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் யாராவது வந்து வழி கேட்டால், “ஸ்டேஷன்ல கேட்டுக்கப்பா” என்று உள்ளே போய்விடுவார்.

அம்மா அந்தச் சேலையைத் துவைக்கவே இல்லை. பெட்டியில் அடியில் வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு பூட்டும் இல்லை. கல்யாணமோ காரியமோ, எல்லோரும் சேர்ந்து ஒரு இடத்துக்குப் போனது கிடையாது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதுகூட இரண்டு பங்காகத்தான். ஒரு பங்கு திரும்பி வந்த பிறகு அடுத்த பங்கு கிளம்பும். “யாராச்சும் வந்தா?” என்பாள் அம்மா. அந்த யாராச்சும் யாரென்று நாங்கள் கேட்டதில்லை. என் கல்யாணத்தன்றும் அவள் தாலி கட்டியதைப் பார்த்த கையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

போன மாதம் என் மகள் என்னைக் காரில் கோலகுபு பாருவுக்குக் கூட்டிப்போனாள். ரெஸ்டவுசு இருந்த இடத்தை என்னால் அடையாளம் காண முடியவில்லை. ஹைலாம்காரர் இல்லை, நேரப் பலகை இல்லை; மலைக்கு இப்போது ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதையாம். பயணிகளுக்கென்று ஒரு தகவல் நிலையம் இருந்தது. குளிர்சாதன அறை, மேசைக்குப் பின்னால் நம்ம தமிழ்ப் பெண் ஒருத்தி வழுவழுப்பான வரைபடம் ஒன்றை நீட்டினாள். அதே பச்சை, அதே நீலம், அதே சிவப்புக் கோடு. கோடு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியது.

“இது எங்கம்மா போகுது?” என்று விரல் வைத்துக் கேட்டேன்.

“ரவூப் போகும் ஆன்டி. அப்புறம் பெந்தோங், அப்படியே கேஎல் போயிரலாம் லா. கொஞ்சம் சுத்து, ஆனா சீனரி நல்லா இருக்கும்” என்றாள் அந்தப் பெண், போனைப் பார்த்துக்கொண்டே.

இவ்வளவுதான் பதில். இதைச் சொல்ல அன்றைக்கு அந்த ஊரில் ஒருவர்கூட இல்லாமல் போய்விட்டாரே என்று மனசு ஆறவில்லை.

அந்தப் பக்கமாகவே திரும்பலாம் என்று மகளிடம் சொன்னேன். ரவூப்பைத் தாண்டி, பெந்தோங்கைத் தாண்டி, சித்தி வந்த வழியிலேயே பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தோம். குவாட்டர்ஸ் வரிசையை இடித்து அடுக்கு மாடி கட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், தெருமுனையில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் கார் நிறுத்தும் கிடங்கின் வாசல் திறந்து மூடிக்கொண்டிருந்தது. உட்காரலாம் என்றால் ஒரு படிகூட இல்லை. மகள் ஹாரன் அடித்தாள்.

சித்திக்குப் பூட்டிய கதவாவது இருந்தது.