மாமி நின்றதால் நான் மறைத்த மாத்திரை

பி.எட். முடியும்வரை குழந்தை வேண்டாமென்று, மாமியாருக்குத் தெரியாமல் கருத்தடை மாத்திரை போட்டுவந்தேன். போன மாதம் சிறுநீர் போனாலே எரிச்சல். புதுக்கடை ஊரில் இருக்கும் டாக்டரிடம் மாமியும் கூடவே வந்து நின்றார். "வேற மாத்திரை எதாவது போடுதியா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "இல்ல" என்றேன். அவர் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாட்டிக் எழுதித் தந்தார்.

இரண்டு நாள் தின்றபிறகு, விஷயம் தெரிந்த தோழி போனில் பயமுறுத்தினாள். "ஏட்டி, ஆன்டிபயாட்டிக் தின்னா உனக்க மாத்திரை வேலை செய்யாது. வயித்துல புள்ள உண்டாயிரும்."

பயந்துபோய் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தினேன். அப்புறம் வந்தது குளிர்காய்ச்சல். விலாவில் குத்தல், பல் கிட்டியது. செத்தேன் என்றே நினைத்தேன். அதே டாக்டரிடம் ஓடினோம்; கிருமி கிட்னிவரை ஏறியிருந்தது. மாமி டீ வாங்கப் போன நேரத்தில் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"டிபி மருந்து மாதிரி சிலதுதான் அதக் கெடுக்கும் மக்களே. நான் தந்தது ஒண்ணும் செய்யாது. பாதியில நிறுத்துனதுதான் வினை. எங்கிட்ட கேக்கப்பிடாதா?"

இப்போதெல்லாம் டாக்டர் அறை வாசலிலேயே, "மாமி, கொஞ்சம் வெளிய இரிங்க" என்று சொல்லிவிடுகிறேன். முறைப்பார். முறைக்கட்டும்.