அம்மா பார்த்த ஒரே பாலே

டொக்... டொக்... டொக்...

பாலே நடனத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். டீவியில் அந்தப் பெண்கள் காற்றில் மிதப்பது போல இருக்கும், சத்தமே வராது. நேரில் அப்படியில்லை. விரல் நுனியில் நிற்பதற்கென்று அவர்கள் போடும் சப்பாத்தின் முனை கட்டை மாதிரி இறுகியிருக்கும். பலகை மேடையில் படும்போதெல்லாம் தட்டும். முன்வரிசையில் இருந்தால் ஆடுகிறவர்களுக்கு மூச்சு வாங்குவதும் கேட்கும்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அந்தச் சத்தத்தால்தான்.

அப்போது கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. ஊர் கலஹா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம்; அம்மா அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். டவுனில் பாலே சொல்லிக்கொடுத்த ஒரு மிஸ், பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்க வலைத்துணி வாங்க எங்கள் கடைக்கு வருவார். ரோஸ், வெள்ளை, இளநீலம் என்று வெட்டிக் கொடுப்பேன்.

"இவ்வளவு துணியும் எதுக்கு மிஸ்?" என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துவிட்டு, பிள்ளைகள் ஆடும் நிகழ்ச்சிக்கு ஒரு பாஸ் தந்தார். போனேன். அதன்பிறகு அவர்களுடைய ஒரு நிகழ்ச்சியையும் விட்டதில்லை. சனிக்கிழமை அரைநாள் லீவுக்காக முதலாளியிடம் எத்தனை காய்ச்சல், எத்தனை வயிற்றுவலி...

தனியாகத்தான் போவேன். கடைசி வரிசையில் ஓரக் கதிரை. மண்டபம் முழுக்க ஆங்கிலம் பேசும் குடும்பங்கள். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம்.

மூன்றாவது வருடம் மிஸ் இரண்டு பாஸ் தந்தார். நிகழ்ச்சியன்று காலையில் அம்மா, கண் காட்டுவதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அவரை பஸ் ஏற்றிவிட்டு நான் மட்டும் போவதாக இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன்... அம்மாவைக் கூட்டிப்போக வெட்கமாக இருந்தது.

"இம்புட்டு அவசரமா எங்க போற?"

"டான்ஸ் பாக்கப் போறேம்மா."

"அப்ப நானும் வரேன். இப்பவே வீட்டுக்குப் போயி என்னா செய்யப் போறேன்?"

கூட்டிக்கொண்டு போனேன்.

கண்டி வாவிக்கு மேலே, மேட்டில் இருந்தது மண்டபம். பார்த்தால் எங்கள் இடம் மூன்றாவது வரிசை. என் பழைய ஓரக் கதிரையில் போய் ஒளிந்துகொள்ளவும் வழியில்லை.

முதலில் உடுப்பைப் பார்த்து அம்மா முகம் சுளித்தார். "என்னாடி இது, இம்புட்டுக் கட்டையா?" பிறகு பிரதானமாக ஆடிய பெண் விரல் நுனியில் எழும்பி நின்றாள். பதினாறு வயது இருக்கும். அம்மா கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் காதருகில் குனிந்தார்.

"மேட்டுச் செடியில கொழுந்து எட்டலன்னா நாங்களும் இப்படித்தான் எக்கி நிப்போம். ஒரு நிமிசம் நின்னாலே உசிரு போகும். இந்தப் புள்ள எம்புட்டு நேரமா நிக்குது... காலு என்னத்துக்கு ஆகும்?"

மூன்று வருடமாகப் பார்க்கிறேன். அந்தக் கால்கள் வலிக்குமே என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

இடைவேளைக்குப் பிறகு அந்தப் பெண் தனியாகச் சுழன்று ஆடினாள். ஒரு சுற்று, இரண்டு, மூன்று... கால் வழுக்கி விழுந்துவிட்டாள். இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலை குனிந்தபடி தரையிலேயே இருந்தாள். மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை.

"எந்திரி கண்ணு... ஒண்ணுமில்ல, எந்திரி."

அம்மாதான். மலையில் ஒரு தேயிலை நிரையிலிருந்து இன்னொரு நிரைக்குப் பேசிப் பழகிய குரல். மண்டபம் முழுக்கக் கேட்டது. தலைகள் திரும்பின. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. "பேசாதீங்கம்மா" என்று அவர் கையைக் கிள்ளினேன்.

அந்தப் பெண் எழுந்தாள். அவளுக்கு அது கேட்டதோ, கேட்டாலும் விளங்கியதோ, தெரியாது. இரண்டு அடி நடந்தாள். இசையைப் பிடித்துக்கொண்டாள். ஆடினாள்.

எங்களுக்கு முன்னால் பட்டுச்சேலையில் இருந்த ஒரு பெண்மணி திரும்பினார். எழுந்து வெளியே போகச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவருடைய கண் நிறைந்திருந்தது.

"மகே துவ" என்றார். என் மகள்.

கதிரைக்கு மேலால் கையை நீட்டினார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். "பய வென்ன எப்பா" என்றார், தனக்குத் தெரிந்த தோட்டத்துச் சிங்களத்தில். பயப்படாதீங்க.

திரை விழும் வரைக்கும் அந்த இரண்டு கைகளும் அப்படியே இருந்தன. முதல்முறையாக நான் மேடையைச் சரியாகப் பார்க்கவில்லை.

பஸ்ஸுக்கு இறங்கி வரும்போது, "கிள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்கம்மா" என்றேன்.

"கிள்ளுனியா? எனக்குத் தெரியலயே" என்றார்.

அதன்பிறகு அம்மா ஒரு பாலேயும் பார்க்கவில்லை. இப்போது முழங்கால் வலி, தம்பி வீட்டில் இருக்கிறார். நான் கல்யாணமாகி கெலிஓயாவில். உலகத்துப் பெரிய பாலே எல்லாம் போனிலேயே வருகிறது. பிடித்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆனாலும் அந்த டொக் டொக் கேட்க வருடா வருடம் மண்டபத்துக்குப் போகிறேன். இப்போதெல்லாம் முன்வரிசைதான்.

நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்குப் போன் எடுப்பார். ஒரே கேள்வி.

"யாரும் விழலயே?"

"இல்லம்மா."

இந்த வருடம் ஒரு சின்னப்பிள்ளை விழுந்துவிட்டது. மண்டபம் முழுக்கத் தூக்கிப் பிடித்த போன்கள். எல்லாத் திரையிலும் அந்தப் பிள்ளை தரையில் கிடந்தது. "எந்திரி கண்ணு" என்று சொல்ல வாயெடுத்தேன்... அதற்குள் அது தானாகவே எழுந்து ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்டது.

அம்மாவிடம் மறைக்கவில்லை. சொன்னேன்.

"நீ ஏதாச்சும் சொன்னியா?"

"இல்லம்மா. எல்லாரும் வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க."



"அதனால என்னா?" என்றார் அம்மா. "நீ சொல்லியிருந்தா வீடியோவுலயும் கேட்டிருக்குமே."