குடிச்சது அவன், மூச்சு வாங்குறது நான்

இன்னைக்குக் காலைல மொத தடவையா நிக்காம மலை ஏறிட்டேன்!

சந்தோஷமா எழுத வேண்டிய போஸ்ட்டு இது. கையே வர மாட்டேங்குது.

அட்மின், தயவு செஞ்சு என் பேர் இல்லாம போடுங்க. எங்க ஊர் ஆளுங்க இந்த ரன்னிங் குரூப்ல நெறய பேர் இருக்காங்க.

நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனில செக்கிங் பாக்குறேன். வீடு ஆலங்காயம். ரெண்டு பசங்க. ஸ்கூல்ல கூட ஓட்டப்பந்தயத்துல நின்னது கெடையாது. (கம்பெனி பஸ்ஸ புடிக்க ஓடுனது கணக்குல வராதுல்ல?)

அப்புறம் எதுக்கு இப்போ ஓட்டம்னா, என் தம்பிக்காக.

அவனுக்கு ஈரல் போய்டுச்சு. குடிதான், வேற ஒண்ணும் இல்ல. அவன் பொண்டாட்டி கொழந்தையத் தூக்கிக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்கே போய்ட்டா. ஆம்பூர் வீட்ல இப்போ அவனும் எங்கம்மாவும் மட்டும் தான்.

சொந்தத்துல யாராச்சும் ஈரல்ல ஒரு பாகம் குடுத்தா பொழைப்பான்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அம்மாவுக்கு சுகர், வயசு வேற. மிச்சம் நான் ஒருத்தி. டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க, பொருந்துச்சு. ஆனா என் ஈரல்ல கொழுப்பு ஜாஸ்தியாம். அது கம்மியானா தான் எடுக்க முடியுமாம். நடங்க, ஓடுங்க, எண்ணெயக் கொறைங்கன்னாங்க.

(ஒரு சொட்டு குடிக்காத எனக்கும் ஈரல்ல கோளாறு பாருங்க!)

அவனுக்கும் ஒரு கண்டிஷன். சரக்கத் தொடக்கூடாது. தொட்டா ஆபரேஷன் கெடையாது.

என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்கிட்ட சரியா பேசல. அவன் குடிச்சதுக்கு நீ ஏன் வயித்தக் கிழிச்சிக்கணும்னு கேட்டாரு. தப்பு சொல்ல முடியாது. அப்புறம் அவரே காலைல பசங்களுக்கு இட்லி ஊத்த ஆரம்பிச்சிட்டாரு.

மெயின் ரோட்ல லாரித் தொல்லை. தெருவுல நாய்ங்க. மிச்சம் இருந்தது காவலூர் போற மலை ரோடு தான். தனியாப் போக பயம், அதனால எங்க லைன்ல வேல பாக்குற ஷபானா (பேர் மாத்தியிருக்கேன்) ஸ்கூட்டில பின்னாடியே வருவா. நான் மூச்சு வாங்குவேன், அவ ஹாரன் அடிப்பா.

மொத நாளு ஒரு கூத்து பண்ணேன். எங்க லைன்ல காலைல மொத மணி நேரத்துலயே டார்கெட்டுக்கு மேல தள்ளி விட்டுட்டா, சாயந்தரம் நிம்மதி. அதே புத்தில மலையையும் எடுத்தேன். அடிவாரத்துல இருந்தே ஓட்டம். மொத வளைவு வர்றதுக்குள்ள கண்ணு இருட்டி, ரோட்டோரக் கல்லு மேல உக்காந்து வாந்தி. ஷபானா தண்ணி குடுத்துட்டு, "இது இன்னா எக்ஸ்போர்ட் ஆர்டரா? மெதுவா போ"ன்னா.

நீங்க தான் இந்த குரூப்ல சொல்லிக் குடுத்தீங்க. சின்னச் சின்ன அடி வை, கையை வீசு, பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குனா நட, நடக்கறது கேவலம் இல்லன்னு.

சொன்ன மாதிரியே செஞ்சேன். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. ஆனா உண்மையச் சொல்றேன், என்னை மேல ஏத்துனது கோவம் தான். ஒவ்வொரு மேட்லயும் அவனத் திட்டிக்கிட்டே ஏறுவேன். குடிச்சது நீ, மூச்சு வாங்குறது நானாடா? தொடை நடுங்கும்போது அவன் சின்ன வயசு மூஞ்சி ஞாபகம் வரும், அழுகையும் வரும். அழுதுக்கிட்டு மேடு ஏறிப் பாருங்க, பேஜாரா இருக்கும்.

நேத்து திரும்ப ஸ்கேன் எடுத்தாங்க. டாக்டரம்மா பாத்துட்டு, நல்லா கம்மியாயிருக்கு, இப்படியே வச்சிருங்க, அடுத்த வாரம் ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சிப் பேசிட்டு தேதி பாக்கலாம்னாங்க. வெளிய வந்த உடனே தம்பிக்கு ஃபோன் போட்டு, பாஸ் ஆயிட்டேன்டான்னு கத்துனேன். அவன் ஒண்ணும் பேசல. சந்தோஷத்துல அழுவுறான்னு நெனச்சேன்.

அந்த தெம்பு தான் போல. இன்னைக்கு, நாங்க எப்பவும் திரும்புற மூணாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் கால் நிக்கவே இல்ல. ஷபானா ஸ்கூட்டிய நிறுத்திட்டு வந்து கட்டிப் புடிச்சா. அந்த வளைவுல தான் டவர் கெடைக்கும். மொதல்ல அவனுக்குத் தான் சொல்லணும்னு அவனுக்கே போட்டேன்.

எடுத்தான்.

"அக்கா..."

அந்த ஒரு வார்த்தை போதும். எத்தன வருஷமா கேட்ட கொழகொழ குரலு. விடிஞ்சு கொஞ்ச நேரம் தான் ஆச்சு.

"குடிச்சிருக்கியாடா?"

மூக்க உறிஞ்சுனான். அப்புறம் சொன்னான்.

"நீ பாஸ் ஆயிட்டேன்னு சொன்னல்லக்கா. உன்ன டேபிள் மேல படுக்க வச்சி வெட்டுவாங்கன்னு நெனச்சேன். ராத்திரி பூரா தூக்கம் வரல. தாங்கலக்கா."

நான் ஃபோன வச்சிட்டேன்.

இன்னா சொன்னான்னு ஷபானா கேட்டா. தூங்கிட்டு இருக்கான்னு சொல்லிட்டேன். எறங்கும்போது ஓடல. நடந்தே வந்தேன். வந்து குளிச்சி, கம்பெனி பஸ் ஏறி, நாள் பூரா மத்தவங்க தைச்சதுல குத்தம் கண்டுபிடிச்சிட்டு வந்து இத எழுதிட்டு இருக்கேன். வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லல, அம்மாவுக்கு ஃபோன் போட்டும் கேக்கல.

அடுத்த வாரம் டாக்டரம்மா கேப்பாங்க, தொட்டானான்னு. ஆமான்னா அவனுக்கு ஆபரேஷன் இல்ல, அவ்ளோ தான். இல்லன்னு பொய் சொன்னா, ரெண்டு பசங்கள வீட்ல விட்டுட்டு நான் டேபிள்ல படுக்கணும், திரும்ப பயம் வந்தா திரும்பக் குடிக்கிற ஒருத்தனுக்காக. அவன் மேல கோவப்படலாம்னு பாக்குறேன், அதுவும் வரல. என்னை நெனச்சித்தான குடிச்சான்.

ஓட்டத்த விட்டா கொழுப்பு திரும்ப ஏறிடும்.

நாளைக்குக் காலைல நான் ஷூ போடட்டுமா, வேணாமா?