வைக்கோல் தெரிந்த செங்கல்

“…ஆனபடியா பிரமிட்டைக் கட்டினது எங்கட இஸ்ரயேலர்தான், தம்பி. அதில எனக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை. இண்டைக்கு மியூசியத்தில அதை எழுதியிருக்கிற இடத்தைப் படமெடுத்துக்கொண்டு வாறன்,” என்றார் ரெஜினாக்கா. சனிக்கிழமை, காலை 6.35. ரயில் அப்போதுதான் டென்மார்க்கின் மேற்கே எங்கள் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவை விட்டு அசையத் தொடங்கியிருந்தது.

ரெஜினாக்கா மன்னார்க்காரி. கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை, ஞாயிறுகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. பாஸ்கா விழாவுக்கு யாத்திராகமத்தை, மோசே கோலை நீட்டிக் கடலைப் பிளந்து இஸ்ரயேலரை எகிப்திலிருந்து மீட்ட கதையை, நாடகமாகப் போடுகிறார். அடிமைகள் பிரமிட் கட்டுகிற காட்சியோடு அது தொடங்கும். இதே ரயில் பாதையில் உள்ள வைலே நகரிலிருந்து வரும் மெலிசா, பன்னிரண்டு வயது, கடல் கடந்தபின் மேளத்தோடு ஆடும் மோசேயின் அக்கா மிரியாமாக நடிக்க இருந்தாள். அவள் வகுப்பில் எழும்பி, பிரமிட்டைக் கட்டியது எபிரேயரான இஸ்ரயேலர் இல்லை என்று டெனிஷில் சொல்லிவிட்டாள். அக்கா அந்த வேடத்தைப் பறித்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தார். மெலிசா இரண்டு வாரமாக வகுப்புப் பக்கம் வரவில்லை. விழாவுக்கு இன்னும் இரண்டு வாரம்.

நான் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்பவன். எகிப்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நூலகத்தில் இரவல் வாங்கி வாசித்ததுதான். பிள்ளை சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லி அக்கா கேட்கமாட்டார். அதனால்தான் போய்ப் பார்ப்போம் என்று கூட்டிக்கொண்டு வந்தேன். கோபன்ஹேகனுக்கு நாலு மணி நேரம். மலிவு ரிக்கற், ஒரு வழிக்கு 179 குரோனர்.

ஒன்பதரை மணியளவில் கடலைக் கடந்தோம். பாதி தூரம் பாலம், மீதி கடலுக்கு அடியால் சுரங்கம். அக்கா ரொட்டியும் சம்பலும் பிரித்து வைத்தார். “மோசேக்குக் கோல், எங்களுக்கு ரிக்கற். ஒருத்தருக்கும் கால் நனையேல்லை,” என்றார். நான் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டேன். ஆட்கள் சொல்லும் நல்ல வார்த்தைகளைச் சேர்ப்பது என் பழக்கம்.

11.15. அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் 140 குரோனர். எகிப்திய அறைகளில் வர்ணம் மங்காத சவப்பெட்டிகளும் துணி சுற்றிய ஒரு பூனையும் இருந்தன. கல்லறையில் வைத்த ரொட்டித் துண்டொன்று கருகிக் கல்லாகிக் கிடந்தது. செத்தபின்னும் பசிக்கும் என்று நினைத்த சனத்தை எனக்குப் பிடித்துப்போயிற்று.

வெள்ளைத் தலைமுடியோடு ஒரு டெனிஷ் வழிகாட்டி அம்மா வந்தார். அக்கா நேரே விஷயத்துக்குப் போனார். “எபிரேயர் கட்டின பிரமிட் எது?”

“ஒன்றுமில்லை,” என்றார் அவர், மென்மையாகத்தான். மோசேயின் கதையை வழக்கமாக ராம்சேஸ் அரசன் காலத்தில் வைப்பார்களாம். அப்போதே பெரிய பிரமிட்டுகளுக்கு ஆயிரம் வயதுக்கு மேல். கட்டியவர்கள் எகிப்தியரே. அந்த வேலையாட்களின் வீடுகளும் வெதுப்பகங்களும் கல்லறைகளும் கிடைத்திருக்கின்றன. “மோசேயைப் பற்றி இந்தக் கற்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு ஒன்று காட்டலாம்.”

அவர் காட்டியது ஒரு செங்கல். வெயிலில் காய்ந்த மண், ஓரமெல்லாம் வைக்கோல் துரும்பு. களஞ்சியம் முதல் அரண்மனை வரை இப்படித்தான் கட்டினார்களாம். அக்கா குனிந்து பார்த்தார்.

பிறகு ஒரு வாங்கில் உட்கார்ந்து, கைத்தொலைபேசியில் வேதாகமத்தைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளி வாசித்தார்.

“தம்பி, இதில பிரமிட் எண்ட சொல்லே இல்லை. செங்கல் இருக்கு, வைக்கோல் இருக்கு, களஞ்சிய நகர் இருக்கு. இருபது வருசமாப் படிப்பிக்கிறன்.”

“அப்ப பிரமிட் எங்கையிருந்து வந்தது, அக்கா?”

“சின்னனில மன்னாரில பார்த்த படத்திலயிருந்து.”

சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார். வெளியே வரும்போது, “மோசேயைக் கல்லில காணேல்லை எண்டது எனக்குப் பெரிசில்லை. தான் தோத்த கதையை எந்த ராசா கல்லில வெட்டுவான்?” என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

மாலை 3.55 ரயில். எனக்கு மனம் நிறைந்திருந்தது. பிரமிட்டை விட அந்த ஒற்றைச் செங்கல்லே கண்ணுக்குள் நின்றது. வழியெங்கும் டென்மார்க்கின் சிவப்புச் செங்கல் வீடுகள். இவற்றையும் யாரோ கையால் அடுக்கியிருப்பார்கள், பெயர் தெரியாது.

அக்கா மெலிசாவுக்குச் செய்தி எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். “டெனிஷில எழுதினாக் நகரசபைக் கந்தோர்க் கடிதம் மாதிரிக் கிடக்கு. தமிழில எழுதினா அவளுக்கு வாசிக்கத் தெரியாது.”

“போன் எடுங்கோவன்.”

“எடுத்து? பிள்ளையிட்டப் பிழையை ஒத்துக்கொண்டா, பிறகு வகுப்பில ஆர் என்னை மதிக்கிறது?”

“ஒத்துக்கொள்ளாட்டி அவள் வருவாளே, அக்கா?”

அக்கா எழுதியதை அழித்துவிட்டு, தொலைபேசியைப் பைக்குள் போட்டார்.

6.10. வைலே நெருங்க, ரயில் வேகம் குறைந்தது. அக்கா மேலங்கியைப் போட்டு, பையைத் தோளில் மாட்டி எழும்பினார். “எங்க போறியள்? இந்த ரிக்கற் இந்த ரயிலுக்கு மட்டும்தான்,” என்றேன்.

“ஓம், தெரியும்,” என்றவர், கதவு திறந்ததும் இறங்கி, மெலிசாவின் வீட்டுக்கு எந்த பஸ் போகும் என்று மேடையில் நின்ற ஒருவரிடம் விசாரித்துக்கொண்டு நடந்தார்.